நல்ல இளக்கம் உண்டு

டயர் கடை கௌண்டரில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதற்குள் ஒன்று பிடிபட்டிருக்கும். டயர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் டயரைப் பார்ப்பதே இல்லை. "என் மச்சான் போட்டிருக்கது எது? அதையே போடுங்க" என்பார்கள். மச்சான் தார் ரோட்டில் தக்கலைக்குப் போய்வரும் வாத்தியாராக இருப்பார். இவர் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறி இறங்குகிறவராக இருப்பார். மச்சானுக்குச் சரியாக வந்தது தனக்கும் சரியாக வரும் என்று நம்பிக் கல்யாணத்தையே முடிக்கிற ஊர் இது. டயர் எம்மாத்திரம்.

நாகர்கோவிலில், வடசேரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில் நான் இருபத்தேழு வருடம் டயர் விற்றேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓட்டத் தெரியாதவள் என்ன செய்வாள்? ஓட்டுகிறவர்களைக் கேட்பாள். டயர் போட்டுப் போன டிரைவர் காற்றுப் பிடிக்கவோ பஞ்சர் ஒட்டவோ திரும்பி வந்தால் விடமாட்டேன். "அண்ணே, எப்படி ஓடுது? மழையில பிடிக்கா? சத்தம் உண்டா?" சிலர் நின்று நிதானமாகச் சொல்வார்கள். சிலர் "ஒங்களுக்கு எதுக்கு மேடம் இந்தச் சீணம், இந்தப் பாடு" என்று நழுவப் பார்ப்பார்கள். நழுவுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன்.

கேட்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தேன். டயருக்குக் கம்பெனி வைத்த பெயரை எழுத மாட்டேன். அது யாருக்கும் வாயில் நிற்காது. டயர் முகத்தில் இருக்கும் வெட்டைப் பார்த்து டிரைவர்கள் வைக்கிற பெயர்தான் நோட்டில் இருக்கும். ஒன்று மீன்முள், ஒன்று ஏணி, ஒன்று முறுக்கு. பெயருக்குக் கீழே யார் சொன்னது, எந்த ஊர், என்ன சொன்னார் என்று ஒரு வரி. கம்பெனிக்காரர்கள் வழவழ தாளில் அச்சடித்துத் தருவதைவிட எனக்கு அந்த நோட்டுதான் பெரிது. இப்போது நீங்கள் போனில் நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்கிறீர்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான், நட்சத்திரத்துக்கு டீ வாங்கிக் கொடுக்க முடியாது என்பதைத் தவிர.

நோட்டு எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு வங்கி அலுவலர் வந்தார். ஓய்வு பெற்றவர், மிகவும் ஒழுங்கானவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. நான்கும் புது டயர் மாற்றியிருந்தார். "டயர் கிணுகிணுன்னு சத்தம் போடுது" என்றார். கழற்றிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சத்தம் போடுது" என்றார். பின்னால் நின்ற ஃபிட்டர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். டயருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியும் என்று ஒருவன் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். காலையில் சர்ச், அங்கிருந்து மகள் வீடு, சாப்பாடு, திரும்பி வருவது. போகும்போது சத்தம் உண்டா? இல்லை, வரும்போதுதான். போகும்போது டிக்கியில் என்ன இருக்கும்? மகளுக்கு மீன்குழம்பு. வரும்போது? காலி ஏனம். விஷயம் அவ்வளவுதான். குழம்பு இருக்கும் வரை மூடி பேசாமல் இருந்தது, காலியானதும் ஏனமும் மூடியும் கிணுகிணுத்தன. அவர் கேட்டது நிஜமான சத்தம், சொன்ன காரணம்தான் தப்பு. டிரைவர் சொல்லும் அனுபவத்தை நம்புங்கள், அவர் சொல்லும் காரணத்தை மட்டும் விசாரியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

அந்தத் தலைக்கனம் இறங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன். நான் கடையை விட்டு விலகுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சுயம்பு என்றொரு டிரைவர், வட்டக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஏழு பேர் உட்காரும் கார் வைத்திருந்தான். கன்னியாகுமரிக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் கோட்டைக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போவான். ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தவன் விலை கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை.

"அக்கா, இருக்கதுலயே மெத்துன்னு இருக்க டயரு எது?" என்றான்.

"ஏன், நீரு டயர் மேலயா படுக்கப் போறீரு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "குழியில விழுந்தா உள்ள இருக்க ஆளுக்குத் தெரியப்பிடாது. அப்படி ஒண்ணு வேணும்."

அவனுக்கு ஒரே மகள், செல்வி, பதினொரு வயது. பிறவியிலேயே எலும்பு ஒடியும் நோய். ஒரு தடவை தும்மியதற்கே விலா எலும்பு ஒடிந்ததாம். எத்தனை தடவை ஒடிந்தது என்று எண்ணுவதை அவன் நிறுத்திவிட்டான். அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அவனே காரில் கொண்டு விட்டுக் கூட்டி வருவான், இரண்டு பக்கமும் தலையணை வைத்து. அவள் காரில் இருந்தால் போனை அணைத்துவிடுவான். வரும் சனிக்கிழமை விடியற்காலை அவளை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். தொடை எலும்புக்குள் கம்பி வைக்கும் ஆபரேஷன். அந்தத் தேதி கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். போகிற வழியில் எங்காவது ஒன்று ஒடிந்தால் முதலில் அதற்குக் கட்டுப் போட வேண்டும். அப்புறம் இன்னொரு தேதிக்கு மறுபடி காத்திருக்க வேண்டும்.

"பழைய டயரு தேஞ்சு கட்ட மாதிரி ஆயிட்டு. ஒவ்வொரு குழிக்கும் அவ மொகத்தக் கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுதேன்" என்றான்.

நான் நோட்டை எடுத்தேன். மீன்முள் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். மழையில் பிடி நல்லது. சத்தம் குறைவு. அதன் கீழே என் கையெழுத்தில் நான்கு வரி, எல்லாம் புதுக்கடை ஸ்டாண்டு டிரைவர்கள் சொன்னது. நாலிலும் ஒரே சொல்: நல்ல இளக்கம் உண்டு.

"இதப் பாரும். நாலு பேரு, ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்குத் தெரியாது, வேற வேற நாளு. எல்லாரும் இளக்கம்னுதான் சொல்லியிருக்கான். ஒருத்தன்னா சும்மா சொல்லுவான். நாலு பேருமா சொல்லுவான்?"

சுயம்பு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான்கு மீன்முள் போடச் சொன்னான். போட்டு முடித்ததும் ஃபிட்டரை ஓட்டச் சொல்லிவிட்டு, அவன் பின்சீட்டில் மகள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். கடை வாசலில் ஓடைக்கு மேல் போட்டிருக்கும் பலகைக் கல்லில் காரை இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னான். இறங்கி வந்தபோது முகம் விரிந்திருந்தது. "ஒண்ணும் தெரியல்லக்கா" என்று சொல்லி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு வியாழன் முழுக்க இனித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெபமணி வந்தான். புதுக்கடை ஸ்டாண்டுக்காரன், அந்த நாலு பேரில் ஒருவன். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களைத் திருவனந்தபுரம் விமானநிலையத்திலிருந்து கூட்டிவரும் ஓட்டம் அவனுக்கு. காற்றுப் பிடித்துவிட்டு, வழக்கம்போல் டீக்காகக் கௌண்டர் பக்கம் வந்து நின்றான். நான் ஏதோ தாள் எடுக்க எழுந்து, திரும்பி உட்காரப் போனேன்.

"அக்கா, பாத்து இரிங்க. அந்த நாற்காலிக்கி நல்ல எளக்கம் உண்டு."

"பிளாஸ்டிக் நாற்காலியில என்னடே இளக்கம், பஞ்சா வச்சிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். நாற்காலியின் பின்கால் பக்கவாட்டில் மடங்கியது. மேசையைப் பிடித்ததால் தப்பித்தேன்.

"இதத்தான நான் சொன்னேன்" என்றான் ஜெபமணி.

நான் மேசையைப் பிடித்தபடியே நின்றேன். "ஜெபமணி, எளக்கம்னா என்ன?"

"எளக்கம்னா எளக்கம்தான் அக்கா. ஆடுகது. பல்லு எளகுகு, ஆணி எளகுகுண்ணு சொல்ல மாட்டியளா?"

"அப்பம் மீன்முள்ளுக்கு நீ என்ன சொன்ன?"

"நல்ல எளக்கம் உண்டுண்ணு சொன்னேன். நாங்க நாலு பேரும்தான சொன்னோம். வண்டி ஸ்பீடுல ஆடுகு, அதுக்க கொறைய நாங்க சொன்னா நீங்க சிரிச்சோண்டு எழுதினிய. கம்பெனிக்கி எழுதிப் போடுவியன்னு நெனச்சோம்."

கிழக்கே பிறந்த எங்களுக்கு இளக்கம் என்றால் மென்மை. மெழுகு இளகும், வெல்லம் இளகும், மனசு இளகும். மேற்கே புதுக்கடைப் பக்கம் போனால் அதே சொல்லுக்கு ஆட்டம், அசைவு. இங்கிருந்து அங்கே பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். மேற்கத்திப் பேச்சு எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரியும், பறைந்தான் என்றால் சொன்னான் என்று தெரியும். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன். இது எனக்குத் தெரிந்த சொல், அதனால் கேட்கவில்லை. 'நல்ல' என்பதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் 'ரொம்ப' என்ற அர்த்தத்தில் சொன்ன நல்லதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அப்படித்தான் வரும். நோட்டை மூடி டிராயருக்குள் வைத்துவிட்டு ஜெபமணிக்கு டீ சொல்லலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. காவல்கிணறு தாண்டியதும் நான்குவழிச் சாலை. அந்த வேகத்தில் கார் ஒரு தடவை ஆடினால் பின்சீட்டில் இருப்பவளுக்கு என்ன ஆகும்?

சுயம்புவுக்குப் போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, நிதானமானவர். "அந்த டயர்ல எத்தனை செட்டு வித்திருக்கோம். ஒரு கம்ப்ளைண்டு வரலையே" என்றார்.

"வந்திருக்கு. நான்தான் அத நல்ல வார்த்தைன்னு எழுதி வச்சிருக்கேன்."

"அவன் வண்டியிலயும் ஆடும்னு ஒனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம என்ன சொல்லி அவனத் திருப்பிக் கூப்பிடுவ? நாளைக்கு ஆபரேஷனுக்குப் போறவனப் போட்டுப் பயமுறுத்தவா? கடையில ஒரு தடவ சொன்னத மறுநாள் மாத்திச் சொன்னா, அப்புறம் நாம சொல்லுத எதையும் எவனும் நம்ப மாட்டான்."

அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரே வழி போய்ப் பார்ப்பதுதான் என்று மட்டும் தோன்றியது. "போயி கேட்டுட்டு வாறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜெபமணியே காரை எடுத்தான். அவன் வண்டியிலும் மீன்முள்தான்.

இருபத்தைந்து வருடம் டயர் விற்றவள், ஒரு டயரைக் கவனிப்பதற்காகவே காரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. சுசீந்திரம் தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் ஜெபமணி வேகத்தைக் கூட்டி, இடமும் வலமுமாக லேசாக வெட்டிக் காட்டினான். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"எங்கடே இளக்கம்?"

"இப்பம் வராது அக்கா. நாம ரெண்டு பேரும்தான இருக்கோம். ஆளும் பெட்டியும் கேறணும், மேல கேரியரிலயும் கெட்டி வைக்கணும். அப்பம் பாக்கணும் அதுக்க ஆட்டத்த."

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. சுயம்பு வண்டியில் விமானநிலையப் பெட்டியா ஏறப் போகிறது? குடும்பம் மூன்று பேர். வீண் கலவரம் பண்ணிவிட்டோமோ, திரும்பிவிடலாமோ என்றுகூட யோசித்தேன்.

சுயம்பு வீட்டு வாசலில் போய் நின்றபோது அவன் கார் கூரையில் ஏறி நின்றுகொண்டிருந்தான். மதுரையில் ஒரு மாதம் தங்க வேண்டும், வீடு பார்த்திருந்தார்கள். கேரியரில் மெத்தை, அரிசிச் சாக்கு, கேஸ் அடுப்பு, வாளி, மடக்குக் கட்டில், எல்லாவற்றையும் சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் அவளுடைய இரண்டு அக்காமாரும் கூடவே போகிறார்களாம், முறை வைத்துப் பிள்ளையைப் பார்க்க. ஜெபமணி அந்தக் கேரியரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

சுயம்பு கீழே இறங்கி வந்தான். "என்னக்கா இவ்வளவு தூரம்?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். நோட்டில் இருந்த சொல்லை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், அவர்கள் சொன்னது மென்மை இல்லை, ஆட்டம். சுமை ஏறினால் வேகத்தில் வண்டி ஆடலாம். அவன் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலா நாலு டயர என் வண்டியில மாட்டினிய?" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஆமா" என்றேன்.

"ஆனா அது மெத்துன்னுதான் இருக்கு. நான் உக்காந்து பாத்தேம்லா. ரெண்டு நாளா பிள்ளையக் கொண்டு போயிட்டு வாறேன். குழியில ஒரு சத்தம் இல்ல."

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அவன் உட்கார்ந்து பார்த்தது கடை வாசல் கல்லில், ஊர்ந்து போகும் வேகத்தில். இரண்டு நாள் அந்தச் சீட்டில் உண்மையாக உட்கார்ந்து போய்வந்தவள் வீட்டுக்குள் இருக்கிறாள். "பிள்ளைட்ட ஒரு வார்த்த கேக்கலாமா?" என்றேன். அவனுக்கு விருப்பம் இல்லை. அவன் மனைவிதான் "உள்ள வாங்க" என்றாள்.

செல்வி ஜன்னல் பக்கம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயதுக்கு ரொம்பச் சின்ன உருவம், பெரிய கண். நான் டயர் கடை ஆன்ட்டி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புது டயர் எப்படி இருக்கிறது என்று, ஜெபமணியிடம் கேட்பது போலவே அவளிடமும் கேட்டேன்.

"குழியில நல்லா இருக்கு ஆன்ட்டி. கொட்டாரத்துக்கு இங்கன ஒரு குழி உண்டு, நான் அதுக்குக் கடுவன்னு பேரு வச்சிருக்கேன். அது கூடக் கடிக்கல்ல." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். அப்பா அங்கே நின்றான்.

"வளைவுல?"

நான் காத்திருந்தேன். கேள்வி கேட்கத் தெரிந்தால் போதாது, கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவும் தெரிய வேண்டும்.

"அப்பா வளச்சு முடிச்ச பெறகும் வண்டி இன்னொரு தடவ வளையுது" என்றாள் மெதுவாக. "நேத்து ஒரு லாரிக்கு ஒதுங்கும்போ நான் தலையணையோட சேந்து அங்க போயி, இங்க வந்தேன். ஒண்ணும் ஆகல்ல."

சுயம்பு உள்ளே வந்தான். "இத ஏன் மக்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஆசையா போட்டியள்லா."

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நோட்டில் நான் எழுதியதும் தப்பில்லை, ஜெபமணி சொன்னதும் தப்பில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த டயரின் பக்கச் சுவர் இளகியது. அதனால்தான் குழியை விழுங்கியது, அதனால்தான் வளைவில் ஆடியது. இரண்டு ஊர் அர்த்தமும் ஒரே டயருக்குள் இருந்தது. கண்டுபிடித்ததில் ஒரு நிமிஷம் எனக்கு உற்சாகம்கூட வந்தது, அந்த இடத்தில், அந்த நேரத்தில். அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இனி என்ன செய்வது? கடையில் ஏணி டயர் இருந்தது. அது விறைப்பானது, சுமை தாங்கும், வளைவில் அசையாது. ஆனால் குழியில் இடிக்கும். அவன் எதற்காகக் கடைக்கு வந்தானோ அதற்கு நேர் எதிர். நான் இரண்டையும் சொன்னேன். இதைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை என்றும் சொன்னேன். சாமானைக் குறைத்து மெதுவாகப் போகலாமா என்றான் சுயம்பு. நாம் மெதுவாகப் போனாலும் பின்னால் வருகிற பஸ் மெதுவாக வராது, ஒதுங்கத்தான் வேண்டும் என்றான் வாசலில் வந்து நின்ற ஜெபமணி.

"இடிக்கிறதையே போடுங்கப்பா" என்றாள் செல்வி.

"ஒனக்கு வலிக்கும் மக்கா."

"குழி வாறது எனக்குத் தெரியும்பா. நீங்க பிரேக்கத் தொடும்போவே நான் தலையணையப் பிடிச்சு, பல்லக் கடிச்சிக்கிடுவேன். ஆட்டம் எப்பம் வரும்னு தெரியாதுல்லா. அதுக்கு எதப் பிடிக்க?"

என் இருபத்தைந்து வருட நோட்டில் அந்த மாதிரி ஒரு வரி இல்லை. மழை, வெயில், சத்தம், தேய்மானம் எல்லாம் கேட்டிருந்தேன். அடி முன்கூட்டித் தெரிந்து வருகிறதா, தெரியாமல் வருகிறதா என்று யாரிடமும் கேட்டதில்லை. எல்லாரும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறவர்கள். அவர்களுக்கு எல்லா அடியும் தெரிந்துதான் வரும்.

கேரியரில் கட்டியதை அவிழ்க்காமலேயே காரைக் கடைக்கு ஓட்டி வந்தோம். சுமையோடு, மெதுவாக. பின்னால் ஜெபமணியின் வண்டியில் வந்த எனக்கு, சுசீந்திரம் கோயில் பக்கத்து வளைவில் அந்தக் கார் ஒரு தடவை சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்வது கண்ணுக்கே தெரிந்தது. கடையில் முதலாளி காத்திருந்தார். ஓடிய டயரைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லுவார், சண்டை போட வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தேன். அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கேரியரைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்தார், ஃபிட்டரைக் கூப்பிட்டார். நான்கு ஏணியும் மாட்டி முடியும் வரை பக்கத்திலேயே நின்று, காற்றை அவரே பார்த்தார். சுயம்பு இந்தத் தடவை போகும்போது என்னைக் கும்பிடவில்லை.

மறுநாள் விடியற்காலை கிளம்பியிருப்பார்கள். பத்து மணிக்குள் மதுரை போய்விடலாம். பத்தானது, பதினொன்றானது. போன் செய்ய முடியாது. செல்வி வண்டியில் இருந்தால் அவன் போனை அணைத்திருப்பான், அணைத்திருக்கவும் வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் ரோடு வேலை நடக்கிறது, நாலைந்து கிலோமீட்டர் ஒரே பள்ளம் என்று ஒரு லாரிக்காரர் சொன்னார். மீன்முள்ளே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. சரியாகத்தான் முடிவு செய்தோம் என்று தெரிந்தாலும் அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை. உங்களுக்கும் உதவாது. காத்திருக்கத்தான் வேண்டும்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. சுயம்புதான்.

"சேந்தாச்சு" என்றான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. "ரோட்டு வேலைக் கிட்ட நல்ல இடி. தலையணையக் கடிச்சி ஓட்டையாக்கி வச்சிருக்கா. டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டாரு. பிள்ள முழுசா இருக்கு அக்கா."

அவ்வளவுதான் சொன்னான், வைத்துவிட்டான். நான் போனைக் கீழே வைக்கவில்லை. கௌண்டருக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றதும் தெரியவில்லை. அவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போல, கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன்.

"மேடம், இருக்கதுல நல்ல டயர் எது? ரிவ்யூ எல்லாம் பாத்துட்டுதான் வந்திருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நோட்டை எடுக்கவில்லை.

"அது பெறகு பாப்போம் தம்பி. ஒங்க வண்டியில பின்சீட்டுல யாரு இருப்பா?"